ஒரு பருவகாலம், இரண்டு தரவரிசைகள்: இத்தாலிய உதைபந்தாட்டம் கற்றுத் தந்த பாடம்

விளையாட்டுலகில் வெற்றியாளரைத் தெரிவு செய்வதற்கான வழிகளுள் லீக் முறையே மிக நேர்மையானது எனக் கருதப்படுகின்றது. கிண்ணப் போட்டியொன்றில் ஒரு நாள் அதிர்ஷ்டம் பலவீனமான அணிக்கும் கைகொடுக்கலாம். லீக் தொடரில் அது நடவாது. ஒவ்வோர் அணியும் ஏனைய எல்லா அணிகளையும் சொந்த மைதானத்தில் ஒரு தடவையும் எதிரணியின் மைதானத்தில் ஒரு தடவையும் சந்திக்கின்றது. மழையும் வெயிலும் காயங்களும் மத்தியஸ்தரின் தவறுகளும் ஒன்பது மாத காலத்தில் எல்லோருக்கும் ஏறத்தாழச் சமமாகப் பங்கிடப்பட்டுவிடும் என்ற நம்பிக்கையே புள்ளிப்பட்டியலுக்கு அதன் மதிப்பைத் தருகின்றது.

அந்த நம்பிக்கை சிதறிப்போன பருவகாலமாக, இத்தாலியின் முதற்தரப் போட்டியான சீரி ஏ தொடரின் 2005-06 பருவகாலத்தைக் குறிப்பிடலாம். ஒரே பருவகாலத்துக்கு இரண்டு தரவரிசைகள் இருக்கின்றன. ஒன்று 2006 ஆம் ஆண்டு மே மாதம் மைதானத்தில் எழுதப்பட்டது. மற்றையது அதே ஆண்டு ஜூலை மாதம் விசாரணை மண்டபத்தில் எழுதப்பட்டது. இவற்றில் எது உண்மையானது என்ற வாதம் இத்தாலியில் இன்றும் ஓயவில்லை. அங்கு நடந்தது என்ன, தண்டனைகள் எவ்வாறு தீர்மானிக்கப்பட்டன, அவை எதனைச் சரிசெய்தன, எதனைச் சரிசெய்யவில்லை என்பவற்றை நாம் இங்கு நோக்குவோம்.

மைதானத்தில் நடந்தது

இருபது அணிகள் பங்குகொண்ட அத்தொடரில் டூரின் நகரின் ஜுவென்டஸ் கழகம் 38 போட்டிகளில் 27 வெற்றிகளையும் 10 சமநிலைகளையும் பெற்றது. தோல்வி ஒன்றே ஒன்று. மொத்தம் 91 புள்ளிகள். ஏசி மிலான் 88 புள்ளிகளுடன் இரண்டாமிடத்தையும், இன்டர் மிலான் 76 புள்ளிகளுடன் மூன்றாமிடத்தையும், பியொரென்டினா 74 புள்ளிகளுடன் நான்காமிடத்தையும் பெற்றன. பியொரென்டினாவின் லூகா டோனி 31 கோல்களைப் போட்டு அதிக கோல் அடித்தவரானார். மெசினா, லெச்சே, ட்ரெவிசோ ஆகிய மூன்று அணிகளும் இறுதி மூன்று இடங்களைப் பெற்று இரண்டாம் பிரிவான சீரி பி இற்குத் தரமிறங்கவிருந்தன.

மே 14 ஆம் திகதி பாரி நகரில் ரெஜினா அணியை 2-0 என வென்று ஜுவென்டஸ் சம்பியன் பட்டத்தை உறுதி செய்தது. ஆயினும் அது மகிழ்ச்சிக்குரிய நாளாக அமையவில்லை. அக்கழகத்தின் பொதுப் பணிப்பாளரும், பன்னிரண்டு ஆண்டுகளாக அதன் வெற்றிகளின் சூத்திரதாரியாகக் கருதப்பட்டவருமான லூசியானோ மொஜ்ஜி அன்றைய தினமே பதவி விலகினார். அதற்கு மூன்று நாட்களுக்கு முன்னரே கழகத்தின் பணிப்பாளர் சபை பதவி துறந்திருந்தது. அதற்கும் முன்னர், மே 8 ஆம் திகதி, இத்தாலிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தலைவர் பிராங்கோ கராரோ விலகியிருந்தார்.

இவ்வளவுக்கும் காரணம், மே மாத ஆரம்பத்திலிருந்து இத்தாலியப் பத்திரிகைகள் நாள்தோறும் வெளியிட்டு வந்த தொலைபேசி உரையாடல்களே. 1992 ஆம் ஆண்டு மிலான் நகரில் அம்பலமான அரசியல் இலஞ்ச விவகாரத்துக்கு வழங்கப்பட்டிருந்த பெயரைத் தழுவி, பத்திரிகைகள் இதற்குக் 'கல்சியோபொலி' எனப் பெயரிட்டன. கல்சியோ என்பது இத்தாலிய மொழியில் உதைபந்தாட்டத்தைக் குறிக்கும்.

பணப்பை இல்லாத ஊழல்

ஆட்ட நிர்ணய சதி என்றவுடன் சூதாட்டக்காரர், கைமாறும் பணம், வேண்டுமென்றே தோற்கும் வீரர் என்பனவே எமது நினைவுக்கு வருகின்றன. இத்தாலியும் அத்தகைய ஊழலைக் கண்டிருக்கின்றது. 1980 இல் வெளியான சூதாட்ட விவகாரத்தில் ஏசி மிலானும் லாசியோவும் சீரி பி இற்கு அனுப்பப்பட்டன. அதில் தடை விதிக்கப்பட்ட பாவ்லோ ரொசி 1982 இல் திரும்பி வந்து இத்தாலிக்கு உலகக் கிண்ணத்தை வென்று கொடுத்ததை மூத்த வாசகர்கள் அறிவர்.

2006 இல் வெளிவந்த விடயம் வேறு வகையானது. இங்கு சூதாட்டக்காரர் இல்லை. விலை போன வீரரும் இல்லை. உரையாடல்களின் ஒரு முனையில் இருந்தவர் மொஜ்ஜி. மறுமுனையில் இருந்தவர்கள், எந்தப் போட்டிக்கு எந்த மத்தியஸ்தர் என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பிலிருந்த பாவ்லோ பெர்காமோ, பியர்லூஜி பைரெட்டோ ஆகிய இரு அதிகாரிகள். ஒட்டுக்கேட்கப்பட்ட உரையாடல்கள் பிரதானமாக 2004-05 பருவகாலத்துக்கு உரியவை.

இதன் பாரதூரத்தை விளங்கிக் கொள்வதற்கு, அப்போதைய மத்தியஸ்தர் நியமன முறையை அறிவது அவசியம். ஒவ்வொரு வாரமும் போட்டிகள் அவற்றின் முக்கியத்துவத்துக்கேற்பக் குழுக்களாக வகுக்கப்பட்டன. மத்தியஸ்தர்களும் தகுதிக்கேற்ப அவ்வாறே வகுக்கப்பட்டனர். பின்னர் ஒவ்வொரு குழுவுக்குள்ளும் எந்தப் போட்டி யாருக்கு என்பது சீட்டிழுப்பின் மூலம் முடிவாகியது. பார்வைக்கு இது பழுதற்ற முறையே. ஆனால், சீட்டுப் பெட்டிக்குள் எந்த மூன்று அல்லது நான்கு பெயர்கள் இடப்பட வேண்டும் என்பதை முடிவு செய்தவர்கள் மேற்கூறிய இரு அதிகாரிகளே. அண்மையில் அதே கழகத்தின் போட்டியை நடத்தியவர் போன்ற காரணங்களால் தவிர்க்கப்பட வேண்டியவர்களையும் நீக்கிவிட்டால் தெரிவு மேலும் குறுகிவிடும். இந்தக் குழுக்களின் அமைப்பை ஒரு கழகத்தின் அதிகாரி நியமன அதிகாரியுடன் தொலைபேசியில் கலந்துரையாடினார் என்பதே வழக்கின் மையம். சீட்டிழுப்பே மோசடியானது என்பது பின்னாளில் குற்றவியல் நீதிமன்றில் நிரூபிக்கப்படவில்லை என்பதையும் நாம் இங்கு குறிப்பிட வேண்டும்.

இதனுடன் வேறு குற்றச்சாட்டுகளும் இணைந்திருந்தன. ஜுவென்டஸை அடுத்துச் சந்திக்கவிருந்த அணிகளின் முக்கிய வீரர்களுக்கு முந்திய போட்டியில் மஞ்சள் அட்டை காட்டப்பட்டு, அவர்கள் தடைக்குள்ளாகும்படி செய்யப்பட்டது என்பது ஒன்று. ஒட்டுக்கேட்டலுக்கு அகப்படாதிருப்பதற்காக வெளிநாட்டுச் சிம் அட்டைகள் அதிகாரிகளுக்கும் சில மத்தியஸ்தர்களுக்கும் வழங்கப்பட்டன என்பது இன்னொன்று. 2004 நவம்பரில் ரெஜினாவிடம் ஜுவென்டஸ் தோல்வியுற்ற பின்னர், மொஜ்ஜி மத்தியஸ்தர் ஜியன்லூகா பாபரெஸ்டாவின் உடை மாற்றும் அறைக்குள் சென்று அவரைக் கடிந்துகொண்டார். அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டதாக மொஜ்ஜி தொலைபேசியில் பெருமையடித்துக் கொண்டதும் பதிவாகியிருந்தது. உண்மையில் பூட்டினார் என்பது நிரூபணமாகவில்லை. ஆனால், நடந்ததை அந்த மத்தியஸ்தர் தமது அறிக்கையில் குறிப்பிடவில்லை. பூட்டப்பட்ட கதவை விட, எழுதப்படாத அந்த அறிக்கையே எமக்குக் கூடுதலான விடயத்தைச் சொல்கின்றது. தனது எதிர்காலம் யாருடைய கையில் இருக்கின்றது என்பதை அறிந்த ஒருவரை வாங்குவதற்குப் பணம் தேவைப்படுவதில்லை.

மிகப் பலம் வாய்ந்த அணிக்கு இது எதற்கு?

அக்காலத்து ஜுவென்டஸ் அணியில் புபொன், கன்னவாரோ, தூராம், நெட்வெட், இப்ராகிமோவிச், ட்ரெசகே, டெல் பியரோ முதலான உலகப் புகழ் வீரர்கள் இருந்தனர். பயிற்றுநர் பாபியோ கபெல்லோ. இத்தகைய அணிக்கு மத்தியஸ்தரின் தயவு எதற்கு என்ற கேள்வி அன்றும் எழுந்தது. இன்றும் எழுகின்றது.

இதற்கான விடையை விளையாட்டின் பொருளாதாரத்திலும் அதன் நிர்வாகத்திலும் தேட வேண்டும். 1999 முதல் இத்தாலியக் கழகங்கள் தமது போட்டிகளின் தொலைக்காட்சி உரிமையைத் தனித்தனியாக விற்று வந்தன. இரசிகர் பலம் மிக்க பெரிய கழகங்களுக்குப் பெருந்தொகையும், சிறிய கழகங்களுக்குச் சொற்பமும் கிடைத்தன. சம்பியன் பட்டமும் ஐரோப்பியப் போட்டிகளுக்கான அனுமதியும் வருமானத்தின் வாயில்களாக இருந்தமையால், நிச்சயமின்மை என்பது பெரிய கழகங்களுக்குச் சகிக்க முடியாத ஒன்றாகியது. மறுபுறம், தரமிறங்குதல் என்பது சிறிய கழகங்களுக்கு வங்குரோத்தின் முதற்படியாக இருந்தது.

நிர்வாகமோ உறவுகளாலும் நலன்களாலும் பின்னிப் பிணைந்திருந்தது. ஏசி மிலானின் உப தலைவரான அட்ரியானோ கலியானி, அதே வேளையில் கழகங்கள் யாவற்றையும் பிரதிநிதித்துவம் செய்யும் லீக் அமைப்பின் தலைவராகவும் விளங்கினார். அக்கழகத்தின் உரிமையாளரான சில்வியோ பெர்லுஸ்கோனி தொலைக்காட்சி நிறுவனங்களின் அதிபராகவும், 2006 மே மாதம் வரை நாட்டின் பிரதமராகவும் இருந்தார். மொஜ்ஜியின் புதல்வர் நடத்திய முகவர் நிறுவனம் பெருந்தொகையான வீரர்களையும் பயிற்றுநர்களையும் தன்வசம் வைத்திருந்தது. யார் யாரைக் கண்காணிப்பது என்ற எல்லைகள் மறைந்துபோன ஒரு சூழலில், நியமன அதிகாரியுடன் தொலைபேசியில் உரையாடுவது தவறாகவே பலருக்குத் தோன்றவில்லை. எல்லோரும் பேசினார்கள், நானும் பேசினேன் என்பதே பின்னாளில் மொஜ்ஜியின் எதிர்வாதத்தின் சாரமாக அமைந்தது. தாம் குற்றமற்றவர் என்றே அவர் தொடர்ந்து கூறி வந்துள்ளார்.

சம்மேளனத்தின் பங்கும் மறக்கப்படலாகாது. டூரின் நகர வழக்குத் தொடுநர்கள் வேறொரு விசாரணையின்போது இவ்வுரையாடல்களில் ஒரு பகுதியை 2004 இலேயே பதிவு செய்திருந்தனர். குற்றவியல் வழக்குக்குப் போதிய ஆதாரமில்லை எனக் கருதி அவர்கள் கோவையை மூடியபோதிலும், விளையாட்டு ஒழுக்க விதிகளின் கீழ் ஆராய்வதற்காக ஆவணங்களைச் சம்மேளனத்துக்கு அனுப்பினர். நேபிள்ஸ் நகர வழக்குத் தொடுநர்கள் தனியாக விரிவான விசாரணையொன்றை நடத்தினர். பத்திரிகைகளில் உரையாடல்கள் வெளியாகும் வரை சம்மேளனம் பகிரங்கமாக எதனையும் செய்யவில்லை.

உலகக் கிண்ணமும் தீர்ப்பும்

கராரோவின் இடத்துக்கு, கம்பனிச் சட்டத்தில் புகழ்பெற்ற பேராசிரியரான குயிடோ ரொசி மே 16 ஆம் திகதி விசேட ஆணையாளராக நியமிக்கப்பட்டார். 1990 களில் அரசியல் இலஞ்ச வழக்குகளுக்குத் தலைமை தாங்கிய முன்னாள் வழக்குத் தொடுநர் பிரான்செஸ்கோ சவேரியோ பொரெல்லியிடம் அவர் விசாரணைப் பிரிவை ஒப்படைத்தார். ஐரோப்பியப் போட்டிகளுக்கு இத்தாலிய அணிகளின் பெயர்களை ஜூலை இறுதிக்குள் அனுப்ப வேண்டியிருந்தமையால், எல்லாம் அவசர அவசரமாக நடைபெற்றன.

விசாரணை ரோம் ஒலிம்பிக் மைதானத்தின் மண்டபமொன்றில் நடைபெற்றது. அதே நாட்களில் இத்தாலிய தேசிய அணி ஜேர்மனியில் உலகக் கிண்ணத்துக்காக ஆடிக் கொண்டிருந்தது. ஜுவென்டஸை சீரி பி இலும் கீழான பிரிவுக்கு அனுப்புமாறு சம்மேளனத்தின் வழக்குத் தொடுநர் ஸ்டெபானோ பலாசி ஜூலை 4 ஆம் திகதி கோரினார். அன்று மாலையே இத்தாலி அரையிறுதியில் ஜேர்மனியை வீழ்த்தியது. ஜூலை 9 ஆம் திகதி பெர்லினில் நடைபெற்ற இறுதிப் போட்டியில் இரு அணிகளிலுமாக ஜுவென்டஸ் வீரர்கள் எண்மர் களமிறங்கினர். இத்தாலிக்காக ஐவர், பிரான்ஸுக்காக மூவர். பெனால்டி உதைகளில் ட்ரெசகேயின் பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டது. டெல் பியரோவின் பந்து வலைக்குள் சென்றது. உலகின் மிகச் சிறந்த வீரர்கள் எனக் கொண்டாடப்பட்ட இவர்களின் கழகம், ஐந்து நாட்களின் பின்னர் ஜூலை 14 ஆம் திகதி இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது.

அன்றைய முதற் தீர்ப்பின்படி ஜுவென்டஸ், பியொரென்டினா, லாசியோ ஆகிய மூன்றும் சீரி பி இற்கு அனுப்பப்பட்டன. புதிய பருவகாலத்தை அவை முறையே 30, 12, 7 புள்ளிகள் பின்தங்கிய நிலையில் ஆரம்பிக்க வேண்டும் எனவும் விதிக்கப்பட்டது. மிலான் சீரி ஏ இல் தொடர அனுமதிக்கப்பட்ட போதிலும் முடிந்த பருவகாலத்தில் 44 புள்ளிகளையும் புதிய பருவகாலத்தில் 15 புள்ளிகளையும் இழந்தது. ஜூலை 25 ஆம் திகதி மேன்முறையீட்டில் பியொரென்டினாவும் லாசியோவும் சீரி ஏ இற்கு மீண்டன. ஜுவென்டஸின் குறைப்பு 17 ஆகவும், மிலானின் புதிய பருவகாலக் குறைப்பு 8 ஆகவும் தளர்த்தப்பட்டன. ஒக்டோபரில் ஒலிம்பிக் குழுவின் நடுத்தீர்ப்பு மன்றம் ஜுவென்டஸின் குறைப்பை 9 ஆக மேலும் தளர்த்தியது. மொஜ்ஜிக்கும் பிரதம நிறைவேற்று அதிகாரி அன்டோனியோ ஜிராவ்டோவுக்கும் ஐந்தாண்டுத் தடை விதிக்கப்பட்டது. 2011 இல் அது ஆயுட்காலத் தடையாக்கப்பட்டது.

தண்டனையின் சட்ட அடிப்படை கவனத்துக்குரியது. ஜுவென்டஸ் குறித்த ஒரு போட்டியின் முடிவை விலைபேசியது எனத் தீர்ப்பாயம் கூறவில்லை. நேர்மைக்கு மாறான பல தொடர்புகள் ஒன்றுசேர்ந்து புள்ளிப்பட்டியலில் ஓர் அனுகூலத்தை உண்டாக்கின என்றும், அதுவே விளையாட்டு மோசடிக்குச் சமமாகும் என்றும் அது முடிவு செய்தது. ஒவ்வொரு செங்கல்லும் சிறிய தவறு. எழுந்த சுவரோ பெருங்குற்றம் என்பதே அத்தர்க்கம். மத்தியஸ்தத்தின் சுதந்திரத்தைக் காக்க விரும்பும் எவரும் இத்தர்க்கத்தின் நியாயத்தை மறுக்க முடியாது. அதேவேளை, இத்தகைய முடிவு மிகுந்த நிதானத்துடன் எடுக்கப்பட வேண்டியது என்பதையும் மறுக்க முடியாது. நிதானத்துக்கு அந்தக் கோடையில் நேரம் இருக்கவில்லை.

மாற்றி எழுதப்பட்ட பட்டியல்

2004-05 ஆம் ஆண்டுப் பட்டம் ஜுவென்டஸிடமிருந்து பறிக்கப்பட்டு எவருக்கும் வழங்கப்படாது விடப்பட்டது. 2005-06 இல் அக்கழகம் கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டது. மிலானின் 88 புள்ளிகள் 58 ஆகின. பியொரென்டினாவின் 74 புள்ளிகள் 44 ஆகின. லாசியோவின் 62 புள்ளிகள் 32 ஆகின. இதன் பயனாக, முதலிடத்துக்கு 15 புள்ளிகள் பின்னால் நின்ற இன்டர் பட்டியலின் தலைமைக்கு வந்தது. மூவர் கொண்ட ஆலோசனைக் குழுவின் கருத்தைப் பெற்ற பின்னர், ஜூலை 26 ஆம் திகதி ஆணையாளர் ரொசி சம்பியன் பட்டத்தை இன்டருக்கு வழங்கினார்.

பட்டியலின் ஏனைய இடங்களில் நேர்ந்தவை குறைவாகவே பேசப்படுகின்றன. வெரோனா நகரின் புறநகர்ப் பகுதியொன்றைச் சேர்ந்த சிறிய கழகமான கியேவோ 54 புள்ளிகளுடன் நான்காமிடத்துக்கு உயர்ந்து சம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் ஆடும் வாய்ப்பைப் பெற்றது. பல்கேரியாவின் லெவ்ஸ்கி சோபியாவிடம் தோற்று வெளியேறிய அக்கழகம், அப்பருவகால முடிவில் தரமிறங்கியது. முதற் தீர்ப்பின்படி மெசினா, லெச்சே, ட்ரெவிசோ மூன்றும் தப்பியிருந்தன. பதினொரு நாட்களின் பின் மேன்முறையீட்டுத் தீர்ப்பு வந்தபோது மெசினா மாத்திரமே மிஞ்சியது. ஏனைய இரண்டும் மீண்டும் கீழே தள்ளப்பட்டன.

இவற்றுள் எமது மனதை அதிகம் உறுத்துவது பொலோனியாவின் கதை. 2004-05 பருவகாலத்தின் இறுதி நாளில் தரமிறங்குவதிலிருந்து தப்புவதற்காகப் பல கழகங்கள் போராடின. பொலோனியா மேலதிகத் தீர்மானப் போட்டியில் பார்மாவிடம் தோற்று சீரி பி இற்கு இறங்கியது. அதே பருவகாலத்தில் பியொரென்டினா தன்னைக் காத்துக் கொள்வதற்காக நியமன அதிகாரிகளின் உதவியை நாடியது என்பதே பின்னர் அக்கழகத்தின் மீதான குற்றச்சாட்டாக அமைந்தது. பியொரென்டினா தண்டிக்கப்பட்டது. ஆனால் பொலோனியாவுக்கு அதன் இடம் மீளக் கிடைக்கவில்லை. அது மீண்டும் சீரி ஏ இற்கு உயர 2008 வரை ஆகியது. குற்றவாளியைத் தண்டிப்பது ஒன்று. பாதிக்கப்பட்டவருக்கு இழந்ததை மீட்டுக் கொடுப்பது வேறொன்று. சம்மேளனம் முதலாவதில் காட்டிய வேகத்தை இரண்டாவதில் காட்டவில்லை.

தீராத கேள்விகள்

இன்டருக்குப் பட்டம் வழங்கப்பட்டமை தொடர்பில் மூன்று கேள்விகள் எழுகின்றன. முதலாவது, விசாரணை 2004-05 பருவகாலத்தைப் பற்றியது. 2005-06 இல் பெர்காமோவும் பைரெட்டோவும் நியமனப் பொறுப்பிலேயே இருக்கவில்லை. அவ்வாறாயின் 91 புள்ளிகளில் எத்தனை முறைகேடானவை என்பதற்கு எவரிடமும் விடையில்லை. முந்திய பட்டத்தைப் போலவே இதனையும் எவருக்கும் வழங்காது விட்டிருக்கலாம் என்ற கருத்து அன்றும் முன்வைக்கப்பட்டது.

இரண்டாவது, முடிவெடுத்த குயிடோ ரொசி 1990 களில் இன்டரின் பணிப்பாளர் சபையில் அங்கம் வகித்தவர். அவர் பாரபட்சம் காட்டினார் என்பதற்கு ஆதாரம் எதுவுமில்லை. ஆயினும், நலன் முரண்பாட்டை ஒழிக்கப் புறப்பட்ட நடவடிக்கையில் அதன் நிழலேனும் விழாதிருப்பது அவசியமாயிருந்தது.

மூன்றாவது கேள்வி பின்னரே எழுந்தது. நேபிள்ஸ் வழக்கில் மொஜ்ஜியின் சட்டத்தரணிகள், ஆரம்பத்தில் கவனிக்கப்படாத வேறு உரையாடல்களை 2010 இல் வெளிக்கொணர்ந்தனர். இன்டர் உட்பட ஏனைய கழகங்களின் அதிகாரிகளும் நியமன அதிகாரிகளுடன் பேசியிருந்தமை அவற்றால் தெரியவந்தது. 2006 இல் இன்டரின் தலைவராயிருந்த ஜியாசின்டோ பக்கெட்டியின் நடத்தையும் விதி மீறலாக அமையக்கூடியது என 2011 இல் பலாசி தமது அறிக்கையில் குறிப்பிட்டார். ஆனால் காலவரையறை கடந்துவிட்டமையால் விசாரிக்க இயலவில்லை. 2006 செப்டெம்பரிலேயே காலமாகிவிட்ட பக்கெட்டியால் அதற்குப் பதிலளிக்கவும் இயலவில்லை. பட்டத்தை மீளப்பெறும் அதிகாரம் தனக்கில்லை எனச் சம்மேளனம் கைவிரித்தது. ஜுவென்டஸ் அடுத்தடுத்து எடுத்த சட்ட நடவடிக்கைகளும் பயனளிக்கவில்லை.

குற்றவியல் நீதியின் பயணம் இதற்கு நேர்மாறாக மெதுவாக நகர்ந்தது. 2011 நவம்பரில் நேபிள்ஸ் நீதிமன்றம் மொஜ்ஜிக்கு ஐந்து ஆண்டுகளும் நான்கு மாதங்களும் சிறைத்தண்டனை விதித்தது. 2013 டிசெம்பரில் மேன்முறையீட்டில் அது இரண்டு ஆண்டுகளும் நான்கு மாதங்களுமாகக் குறைந்தது. 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், காலவரையறை கடந்துவிட்டதன் காரணமாக வழக்கை முடிவுறுத்தியது. அது குற்றமற்றவர் என்ற தீர்ப்பும் அல்ல, தண்டனையும் அல்ல. ஆக, விளையாட்டு நீதி பத்து வாரங்களில் முடிந்தது. குற்றவியல் நீதி ஒன்பது ஆண்டுகளிலும் முடியவில்லை. முன்னதில் நிச்சயம் இருக்கவில்லை. பின்னதில் பயன் இருக்கவில்லை.

மாறியதும் மாறாததும்

தரமிறக்கப்பட்ட ஜுவென்டஸிலிருந்து கன்னவாரோவும் எமர்சனும் ரியல் மட்ரிட்டுக்கும், தூராமும் சம்புரோட்டாவும் பார்சிலோனாவுக்கும், இப்ராகிமோவிச்சும் வியேராவும் இன்டருக்கும் சென்றனர். உலகக் கிண்ணத்தை வென்ற புபொனும் டெல் பியரோவும் இரண்டாம் பிரிவில் ஆடுவதற்கு இசைந்து தங்கினர். 2006-07 இல் அவ்வணி சீரி பி இன் முதலிடத்தைப் பெற்று ஒரே ஆண்டில் மீண்டது. தண்டனை பெற்ற மிலான் 2007 மே மாதம் ஏதென்ஸில் லிவர்பூலை வென்று ஐரோப்பியச் சம்பியனாகியது. இன்டர் 2010 வரை தொடர்ச்சியாகப் பட்டங்களை வென்றது. பின்னர் 2012 முதல் 2020 வரை ஒன்பது ஆண்டுகள் ஜுவென்டஸே சம்பியன். பெரியவர்கள் எப்படியும் எழுந்துவிடுகின்றனர் என்பதை இது காட்டுகின்றது.

நிர்வாகத்தில் சில நற்பலன்களும் விளைந்தன. தொலைக்காட்சி உரிமையைக் கூட்டாக விற்று வருமானத்தைப் பகிர்வதற்கான சட்டம் 2008 இல் ஆக்கப்பட்டு, 2010-11 பருவகாலம் முதல் நடைமுறைக்கு வந்தது. உலகம் மதிக்கும் மத்தியஸ்தரான பியர்லூஜி கொலினாவிடம் 2007 இல் நியமனப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. 2017-18 முதல் காணொளி உதவி மத்தியஸ்த முறையும் அறிமுகமானது. ஆயினும், கமெரா மைதானத்தையே பார்க்கின்றது. தொலைபேசிகளை அது பார்ப்பதில்லை.

புள்ளிப்பட்டியல் விசாரணை மண்டபங்களில் மாறுவதும் நின்றுவிடவில்லை. வீரர் பரிமாற்றக் கணக்குகள் தொடர்பாக 2023 ஜனவரியில் ஜுவென்டஸின் 15 புள்ளிகள் கழிக்கப்பட்டன. ஏப்ரலில் அவை மீள வழங்கப்பட்டன. மே மாதம் 10 புள்ளிகள் மீண்டும் கழிக்கப்பட்டன. ஒரே பருவகாலத்தில் மூன்று தடவைகள் பட்டியல் மாறியது. 2024 ஏப்ரலில் இன்டர் தனது இருபதாவது பட்டத்தை வென்று இரண்டாவது நட்சத்திரத்தைத் தன் சீருடையில் சேர்த்துக் கொண்டபோது, அந்த இருபதில் 2006 ஆம் ஆண்டுப் பட்டமும் அடங்குகின்றது என்பதை எதிரணி இரசிகர்கள் நினைவூட்டத் தவறவில்லை. ஜுவென்டஸோ பறிக்கப்பட்ட இரண்டு பட்டங்களையும் தன் கணக்கில் இன்றும் சேர்த்தே எண்ணி வருகின்றது.

இப்பருவகாலத்திலிருந்து நாம் பெறக்கூடிய பாடம், குற்றவாளி யார் என்பதை விட ஆழமானது. மைதானத்தில் உண்மையில் என்ன நடந்திருக்கும் என்பதை எந்தத் தீர்ப்பாயத்தாலும் மீட்டுத் தர முடியாது. முதலிடத்திலிருந்தவரை அகற்றலாம், மூன்றாமிடத்திலிருந்தவரை அமர்த்தலாம். ஆனால் நேர்மையான நியமனங்களுடன் ஆடப்பட்டிருந்தால் அந்தப் பட்டியல் எவ்வாறு அமைந்திருக்கும் என்பது எவருக்கும் தெரியாது. ஆகவே தண்டனை எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அது தாமதமான மருந்தே.

மருந்து தேவைப்படாதிருப்பதற்கு வழி ஒன்றுதான். போட்டியில் நலன் கொண்டவருக்கும் மத்தியஸ்தரைத் தெரிவு செய்பவருக்கும் இடையில் தனிப்பட்ட தொடர்பு எதுவும் இருக்கலாகாது. முறைப்பாடு கிடைத்த நாளிலேயே சம்மேளனம் கோவையைத் திறக்க வேண்டும். முதலாவது விதி மீறப்பட்டபோது இத்தாலி ஒரு பருவகாலத்தின் நேர்மையை இழந்தது. இரண்டாவது விதி மீறப்பட்டபோது அதற்கடுத்த பருவகாலத்தையும் சேர்த்து இழந்தது. கோவை உரிய காலத்தில் திறக்கப்பட்டிருந்தால், 2005-06 இன் சம்பியன் யார் என்ற கேள்விக்கு மைதானமே விடையளித்திருக்கும்.